மலையோடையில் வலை பின்னும் கேடிஸ் புழுக்களைப் பார்ப்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டு முழுவதும் வற்றாமல் ஓடும் ஓடைகளில், கற்களுக்கு நடுவே கணுக்கால் அளவுத் தண்ணீர் சலசலத்துப் பாயும் இடங்களில், விரல்நகம் அளவே உள்ள சிறு வலைகள் கல்லோடு ஒட்டி விரிந்திருப்பதைப் பார்க்கலாம். வலையின் வாய் தண்ணீர் வரும் திசையை நோக்கித் திறந்திருக்கும். அதை ஒட்டியே, மணலும் இலைத்துணுக்குகளும் சேர்த்துக் கட்டிய ஒரு சிறு மறைவிடத்தில், அந்த வலையைப் பின்னிய புழு தலையை மட்டும் வெளியே நீட்டியபடி கிடக்கும். இது கேடிஸ் ஈ என்னும் பூச்சியின் இளம்பருவம். வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அந்துப்பூச்சிகளுக்கும் மிக நெருங்கிய உறவுடைய டிரைகாப்டெரா என்ற பூச்சி வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் உலகெங்கும் 16,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல, குச்சியையும் மணலையும் ஒட்டிக் குழாய் போன்ற கூடு செய்து, அதைச் சுமந்துகொண்டே திரிபவை. வலை விரித்து உட்கார்ந்த இடத்தில் உணவு பிடிப்பவற்றில் ஹைட்ரோசைக்கிடே என்ற குடும்பமே நம் ஓடைகளில் எளிதில் கண்ணில் படுவது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைப் பற்றியது.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஓடையில் இறங்கிய உடனே கல்லைப் புரட்டிவிடுகிறார்கள். கல் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் வலை சுருங்கிச் சளிப்படலம் போல ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கையில் கிடைப்பது பழுப்பு நிறப் புழு ஒன்றுதான். அது எப்படி வாழ்கிறது என்பதைத் தண்ணீருக்குள் வலை விரிந்திருக்கும்போதுதான் பார்க்க முடியும் என்பதால், இங்கே சொல்லப்படும் வரிசையில் கல்லைத் தூக்குவது பின்னால்தான் வருகிறது.

காலமும் இடமும்

தமிழகப் பக்கத்து மலைகளில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் மிகவும் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, ஓட்டமும் நிதானமாக இருக்கும் காலம் அது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை எதிர்பாராமல் வரும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையை நிரப்பிவிடும். தண்ணீரின் நிறம் திடீரென்று செம்மண் கலந்து மாறினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, கையில் உள்ளதைப் போட்டுவிட்டுக் கரையேற வேண்டும்.

நல்ல ஓடைகளில் பெரும்பகுதி காப்புக்காடுகளுக்குள்ளும் புலிகள் காப்பகங்களுக்குள்ளும் இருக்கின்றன. அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அனுமதி பெற்று நுழைந்தாலும், உயிரினங்களை எடுத்து வருவதற்குத் தனி அனுமதி தேவைப்படும். தொடக்கநிலையில் காட்டுக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. ஊர்ப்பக்கம், தோட்டப்பக்கம், சாலைப் பாலத்தின் அடி என மக்கள் புழங்கும் ஓடைகளிலேயே இந்தப் புழுக்கள் இருக்கின்றன. தனியார் தோட்டமாக இருந்தால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை.

கொண்டுபோக வேண்டியவை

அதிகம் வேண்டாம். வெள்ளை நிறத் தட்டு ஒன்று, அடிப்பகுதி தட்டையாகவும் கீறல் இல்லாமலும் உள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், டீ வடிகட்டி, மென்மையான நுனியுள்ள ஓவியத் தூரிகை, நனைந்தாலும் எழுத்து அழியாதபடி பென்சிலும் குறிப்பேடும். இவ்வளவே போதும். இடுக்கியைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் புழுவின் வயிற்றுப்பகுதி மெத்தென்றிருக்கும், லேசான அழுத்தத்திலேயே அடிபட்டுவிடும். காலுக்கு, பாசி படிந்த பாறையில் வழுக்காத அடிப்பாகமுள்ள ஷூ வேண்டும். அட்டை உள்ள இடமானால் அதற்குரிய நீண்ட காலுறையும் வேண்டும்.

இந்தப் பட்டியலில் எதை விட்டாலும் பிளாஸ்டிக் டப்பாவை விட்டுவிடக் கூடாது. அதன் அடியைத் தண்ணீரின் மேற்பரப்பில் லேசாக அழுத்திப் பிடித்து உள்ளே பார்த்தால், அலையும் வெயிலின் பளபளப்பும் மறைந்து ஓடையின் அடித்தளம் தெளிவாகத் தெரியும். விலை கொடுத்து வாங்கும் கருவிகள் பலவற்றைவிட இது பயன் தரும் என்பது என் கருத்து.

ஓடைக்குள் இடம் தேர்வது

ஓடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. தண்ணீர் தேங்கி நிற்கும் கசங்களில் வண்டலும் சருகும் படியும். அங்கே வலை விரித்துப் பயனில்லை, ஏனென்றால் வலைக்குள் உணவைக் கொண்டுவந்து சேர்க்க ஓட்டம் இல்லை. பெரும் பாய்ச்சலாக விழும் அருவியின் நேர் அடியிலும் அவ்வளவாகக் கிடைக்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட, தண்ணீர் கற்களின் மேல் வெள்ளை நுரை கட்டி ஓடுகிற ஆழமற்ற பகுதிகளே இவற்றின் வாழிடம். அங்கே உள்ளங்கையைவிடப் பெரிய, ஆட்டினாலும் எளிதில் அசையாத கற்களைத் தேடுங்கள். ஒவ்வொரு வெள்ளத்திலும் உருண்டு போகும் சிறு கற்களில் இவை நிலைத்து வாழ்வதில்லை.

கீழிருந்து மேல்நோக்கி நடப்பதே சரியான முறை. மேலிருந்து இறங்கினால் நம் கால் கிளப்பும் கலங்கல் நாம் பார்க்கப்போகும் இடத்துக்கு நமக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். நிழல் தண்ணீரில் விழாதபடி நின்றுகொள்ள வேண்டும்.

அணை, தடுப்பணை, ஏரிக் கலிங்கு போன்றவற்றுக்குச் சற்றுக் கீழே உள்ள கற்களைத் தவறாமல் பாருங்கள். தேங்கிய நீரில் வளரும் நுண்பாசியும் நுண்ணுயிர்களும் வழிந்து வருவதால், அங்கே இந்தப் புழுக்கள் மிக நெருக்கமாகக் குடியிருக்கும். சில கற்களில் வலைக்கும் வலைக்கும் இடைவெளியே இருக்காது.

தூக்குவதற்கு முன்பு

டப்பாவைத் தண்ணீரில் பதித்து, ஒரு கல்லை மட்டும் சில நிமிடங்கள் விடாமல் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும், கல்லின் பக்கவாட்டிலும், இரு கற்கள் சேரும் இடுக்கிலும், கற்பிளவுகளிலும் சாம்பல் நிறத்தில் சிறு சிறு கிண்ணங்கள் போன்று ஏதோ துடித்துக்கொண்டிருப்பது தெரியும். அவைதான் வலைகள், துடிப்பு ஓட்டத்தால் வருவது. வலையின் விளிம்பைச் சுற்றிச் சிறு குச்சியோ பாசி இழையோ சட்டமாகக் கட்டப்பட்டிருக்கும். சட்டத்துக்கு நடுவே உள்ள பகுதி, கைலென்ஸ் வைத்துப் பார்க்க முடிந்தால், கொசுவலை போன்று ஒழுங்கான கட்டங்களாக இருக்கும். முழு வளர்ச்சி அடைந்த புழுவின் வலையில் ஒரு கட்டத்தின் அகலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்கு அளவில் இருக்கும். சிறிய புழுக்களின் வலைக் கட்டங்கள் இன்னும் சிறியவை. புழு ஒவ்வொரு முறை தோலுரித்து வளரும்போதும் வலையின் கண்ணும் பெரிதாகிக்கொண்டே போகும்.

பொறுமையாக இருந்தால் புழு வெளியே வருவதையும் பார்க்கலாம். அது பாதி உடலை மறைவிடத்துக்குள் வைத்துக்கொண்டு, தலையை வலையின் மேல் கொண்டுபோய், ஒட்டியிருப்பதை ஒவ்வொன்றாகத் தாடையால் பொறுக்கும். நுண்பாசி, மக்கிய இலைத்துகள், ஓட்டத்தில் அடித்துவரப்பட்ட சிறு பூச்சிப்புழுக்கள் என எதையும் இது விடுவதில்லை. வளர வளர இறைச்சி உணவின் பங்கு பொதுவாகக் கூடும். தின்ன உதவாத குப்பையைக் கடித்து விலக்கிவிட்டு, கிழிந்த இடத்தை மறுபடியும் பின்னும். நிழல் விழுந்தால் நொடியில் உள்ளே போய்விடும், ஆனாலும் சற்று நேரத்தில் திரும்பி வரும்.

கல்லைத் தூக்குவது

வலைகளின் எண்ணிக்கையையும் அவை இருக்கும் பக்கத்தையும் குறித்துக்கொண்ட பிறகு, டீ வடிகட்டியைக் கல்லுக்குக் கீழே, ஓட்டம் போகும் பக்கத்தில் பிடித்தபடி, கல்லை மெதுவாகத் தூக்கித் தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மாற்றுங்கள். தட்டில் ஓடைத் தண்ணீரையே நிரப்ப வேண்டும், வீட்டிலிருந்து கொண்டுபோன குழாய்த் தண்ணீரை அல்ல. புழுக்கள் தாமாக வெளிவரத் தொடங்கும். வராதவற்றைத் தூரிகையால் தள்ளித் தட்டில் இறக்கலாம். வெயிலில் தட்டுத் தண்ணீர் விரைவில் சூடேறி, அதிலுள்ள ஆக்சிஜனும் குறைந்துவிடும் என்பதால், நிழலில் வைத்துப் பார்த்து, ஐந்து பத்து நிமிடங்களுக்குள் திருப்பி விட்டுவிட வேண்டும். கல்லைத் திருப்பி வைக்கும்போது எந்தப் பக்கம் அடியில் இருந்ததோ அதே பக்கம் அடியில் வரும்படியும், எந்த முகம் ஓட்டத்தைப் பார்த்ததோ அதே முகம் பார்க்கும்படியும் வைக்க வேண்டும். கல்லின் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் திசை மாறினால் மணலில் புதையவோ வெளியே தெரியவோ நேரிடும்.

எந்தப் புழு?

தட்டில் உள்ள புழு ஹைட்ரோசைக்கிடே குடும்பத்தைச் சேர்ந்ததா என்று அறிய மூன்று அடையாளங்கள் போதும். முதலாவது, தலைக்குப் பின்னே உள்ள மார்புப் பகுதியின் மூன்று கண்டங்களின் மேற்புறத்திலும் கெட்டியான பழுப்புத் தகடு இருக்கும். இரண்டாவது, வயிற்றின் அடிப்பக்கம் முழுவதும் கிளைவிட்ட வெண்ணிறச் செவுள்கள் கொத்துக்கொத்தாக இருக்கும். தண்ணீரில் அவை அசைவது வெறுங்கண்ணுக்கே தெரியும். மூன்றாவது, வால்முனையில் உள்ள இரு கால்களிலும் கொக்கிகளை ஒட்டி விசிறி போல மயிர்க்கற்றை இருக்கும். உடல் வளைந்து, கம்பளிப்பூச்சி போல நெளியும். வளர்ந்த புழு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம் வரும்.

மார்பில் முதல் கண்டத்தில் மட்டும் தகடு இருந்து, செவுள் ஏதும் இல்லாமல், தலை பளிச்சென்ற ஆரஞ்சு நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் பிலோபோடாமிடே என்ற வேறொரு குடும்பம். அதன் வலை விரல் போன்ற நீண்ட பை. கட்டங்களின் குறுகிய பக்கம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. பாக்டீரியா அளவுள்ள துகளைக்கூட வடிக்கும் வலை அது. மெதுவான ஓட்டத்தில் எக்காளம் போல அகன்ற வாயுடைய தளர்வான வலையைக் கண்டால் பாலிசென்ட்ரோபோடிடே என்று ஊகிக்கலாம். அவை பெரும்பாலும் உயிருள்ள இரையைக் காத்திருந்து பிடிப்பவை. தலை நீளமாகவும் உடல் நான்கு சென்டிமீட்டரை எட்டுவதாகவும் இருந்தால் ஸ்டெனோசைக்கே என்ற பேரினமாக இருக்கலாம். இதில் ஓர் இனம் கொடைக்கானலின் பெயரையே கொண்டு, ஸ்டெனோசைக்கே கொடைக்கானலென்சிஸ் என்று 1980இல் விவரிக்கப்பட்டது. ஜப்பானில் நகானோ மாகாணத்தின் இனா பகுதியில், டென்ரியூ ஆற்றிலிருந்து இதே பேரினத்தின் புழுக்களைக் குளிர்காலத்தில் பிடித்து, சோயா சாற்றில் இனிப்பாகச் சுண்டக் காய்ச்சி 'ஸஸாமுஷி' என்று உண்கிறார்கள். நம் ஓடைகளில் அதற்கு யாரும் ஆசைப்பட வேண்டாம்.

ஹைட்ரோசைக்கிடே குடும்பத்துக்குள்ளேயே மேக்ரோஸ்டெமம் என்ற பேரினம் சற்று வேறுபட்டது. தலையின் மேற்புறம் தட்டையாக வெட்டிவிட்டதைப் போலிருக்கும். வலையை வெளியே விரிக்காமல், மணலும் பட்டிழையும் கொண்டு அறை போன்ற ஒன்றைக் கட்டி அதற்குள் மிக நுண்ணிய கண்களுடைய வலையை வைத்திருக்கும். டப்பா வழியாகப் பார்க்கும்போது வலை தெரியவில்லை, ஆனால் மணலால் ஆன சிறு குழல் ஓட்டத்தை நோக்கி நீண்டிருக்கிறது என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னுவதைப் பார்க்க வேண்டுமானால்

இதுதான் இந்தத் துறையில் பார்க்கத்தக்க காட்சிகளிலேயே சிறந்தது என்பேன், ஆனால் ஓடையில் வைத்துப் பார்ப்பது கடினம். காப்புப் பகுதி அல்லாத ஓடையிலிருந்து இரண்டு மூன்று புழுக்களை ஈரப்பாசியோடு குளிர்ந்த டப்பாவில் கொண்டுவந்து, சிறிய கண்ணாடித் தொட்டியில் விடலாம். தொட்டியில் ஓடைத் தண்ணீர், சில கூழாங்கற்கள், மீன்தொட்டிக்குரிய சிறிய நீரேற்றி ஆகியவை வேண்டும். நீரேற்றியின் வாய் கற்களை நோக்கி இருக்க வேண்டும். காற்றுக்குமிழ் மட்டும் விடும் கருவி போதாது, ஏனென்றால் ஒரே திசையில் ஓட்டம் இல்லாவிட்டால் புழு வலை பின்னாது. கற்களைக் கண்ணாடிச் சுவரை ஒட்டி வைத்தால், இடுக்கில் பின்னும் வலை வெளியிலிருந்தே தெரியும்.

பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைவிடமும் வலையும் தயாராகிவிடும். புழு முதலில் சட்டத்துக்கான இழைகளைக் கட்டுகிறது. பிறகு தலையை எட்டு என்ற எண்ணின் வடிவில் இடமும் வலமும் ஆட்டி ஆட்டிக் கட்டங்களை நிரப்புகிறது. பட்டு அதன் கீழுதட்டிலிருந்து வருகிறது. இரு சுரப்பிகளிலிருந்து இரண்டு இழைகள் ஒன்றாக ஒட்டி வெளிவருவதால், நுண்ணோக்கியில் ஒவ்வொரு நூலும் இரட்டை நூலாகத் தெரியும். நனைந்த கல்லில், தண்ணீருக்கு அடியிலேயே, காயாமல் ஒட்டும் பட்டு இது. அந்தப் பட்டின் புரதத்தில் பாஸ்பேட் சேர்ந்த செரின் என்ற அமினோ அமிலம் மிகுதியாக இருப்பதை 2010இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது இழைக்கு உறுதி தருகிறது. ஈரமான காயத்தை ஒட்டும் பசைகளைத் தேடுவோர் இந்தச் சிறு புழுவின் மேல் கண் வைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

தொட்டியில் இடம் குறைவாக இருந்தால் சண்டையும் பார்க்கலாம். ஒரு புழுவின் மறைவிடத்தை இன்னொன்று பிடிக்க வந்தால், உள்ளே இருப்பது முன்னங்காலைத் தலையின் அடியிலுள்ள வரிப்பள்ளங்களில் உரசி ஒலி எழுப்புகிறது. அந்த ஒலி நம் காதுக்கு எட்டாது, நீர் ஒலிவாங்கி வேண்டும். ஆனால் கால் உரசும் அசைவு கைலென்ஸில் தெரியும். பார்த்து முடித்ததும் புழுக்களை எடுத்த ஓடையிலேயே விட வேண்டும், வேறு ஓடையில் விடக் கூடாது.

கூட்டுப்புழுவும் ஈயும்

ஐந்து பருவங்களைக் கடந்த புழு, கல்லின் அடியில் சிறு கற்களை ஒட்டிக் கவிழ்த்த கும்பா வடிவில் ஓர் அறை கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகிறது. சில வாரங்களுக்குப் பிறகு, வலுவான தாடையால் அறையை வெட்டித் திறந்து நீந்தி மேலே வந்து, தோலைக் கழற்றிவிட்டு ஈயாகப் பறக்கும். குளிர்நாடுகளில் இது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட காலத்தில் நடக்கும். நம் மலைகளின் வெதுவெதுப்பான ஓடைகளில் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதால், ஒரே கல்லில் சிறிதும் பெரிதுமான புழுக்களோடு கூட்டுப்புழுவும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

ஈயைப் பார்க்க, அந்தி மயங்கிய பிறகு ஓடைக்கரையில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி அதன் மேல் விளக்கொளி படும்படி செய்தால் போதும். அந்துப்பூச்சி போலத் தோன்றும். ஆனால் இறகில் செதிலுக்குப் பதில் மயிர் இருக்கும், உட்காரும்போது இறகைக் கூரை போலச் சாய்த்து வைக்கும், உணர்கொம்பு நீளமாக முன்னே நீண்டிருக்கும், அந்துப்பூச்சியின் சுருள் குழல் வாயில் இருக்காது. மேக்ரோஸ்டெமம் ஈக்கள் மஞ்சளும் கறுப்புமாகப் பகலிலேயே கண்ணில் படும். ஈயின் ஆயுள் சில நாட்கள் முதல் சில வாரங்களே. பெண் ஈக்களில் பல, தண்ணீருக்குள் இறங்கி, மூழ்கிய கற்களில் முட்டைகளை ஒரே அடுக்காகப் பரப்பி ஒட்டிவிட்டுப் போகின்றன.

தண்ணீரைப் பற்றி முடிவு செய்யும்போது

கேடிஸ் இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 1970களில் உருவான, உயிரினங்களை வைத்து ஆற்றை மதிப்பிடும் முறையில், மாசு தாங்காத குடும்பங்களுக்கு 10 மதிப்பெண்ணும் எதையும் தாங்கும் மண்புழு வகைகளுக்கு 1 மதிப்பெண்ணும் உண்டு. அதில் பிலோபோடாமிடே 8, பாலிசென்ட்ரோபோடிடே 7, ஹைட்ரோசைக்கிடே 5 மட்டுமே. குறிப்பாகச் செயுமாடோசைக்கே போன்ற பேரினங்கள் ஓரளவு சாக்கடை கலந்த தண்ணீரிலும் பெருகும், ஏனெனில் மிதக்கும் கரிமத் துகள் அவற்றுக்கு உணவு. ஒரு கல்லில் இவை மட்டும் நூறு இருந்து, மாசை எளிதில் தாங்காத நீர்ப்பூச்சிகளான கல் ஈக்களும் பல வகை மே ஈக்களும் இல்லாவிட்டால், அதை நல்ல அறிகுறியாகக் கொள்ளக் கூடாது.

எண்ணிக்கையைவிட வலையைக் கவனிப்பது பலன் தரும். சாலை வேலையோ மண்சரிவோ மேலே நடந்திருந்தால் வலைகள் வண்டல் அடைத்துக் கட்டியாகியிருக்கும், பாதி வலைகள் கைவிடப்பட்டிருக்கும். உலோகக் கழிவும் பூச்சிக்கொல்லியும் கலந்த நீரில் புழுக்கள் பின்னும் வலையின் கட்டங்கள் ஒழுங்கு கெட்டுத் தாறுமாறாக இருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. தேயிலைத் தோட்டத்துக்கு மேலும் கீழும், அல்லது சோப்பும் எண்ணெயும் கலக்கும் குளியல் துறைக்கு மேலும் கீழும், ஒரே அளவுள்ள கற்களில் வலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது தொடக்கநிலையில் உள்ளவருக்கும் எட்டக்கூடிய வேலைதான்.

குறிப்பேட்டில்

நாள், நேரம், இடம், கடைசியாக மழை பெய்த நாள், தண்ணீரின் ஆழம், கல்லின் அளவு, தண்ணீருக்குள் எண்ணிய வலைகள், தூக்கிய பிறகு கண்ட புழுக்கள் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். ஓட்டத்தின் வேகத்தை அளக்க, ஒரு மீட்டர் தூரத்தை ஒரு காய்ந்த இலை எத்தனை நொடியில் கடக்கிறது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுத்தால் போதும். படம் எடுப்பதானால் மார்புத் தகடுகள் தெரியும்படி மேலிருந்து ஒன்றும், செவுள் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து ஒன்றும் எடுக்க வேண்டும். பெயர் எழுதும் இடத்தில் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உறுதியானால் மட்டும் பேரினத்தைச் சேருங்கள். இனத்தைத் தீர்மானிப்பதற்குப் பொதுவாக ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், புழுவின் படத்தை வைத்து அதைச் சொல்ல இயலாது.